செத்துப் பிறந்ததாக நான் எழுதிய பெண் குழந்தை

மாத்தளை, 1961 மே 10, புதன்கிழமை, காலை 9.20. சார்ஜன்ட் புஹாரி முன்னிலையில் தமிழில் சொல்லியது.

என் பெயர் ரபாயேல் மார்கிரட். வயது 36. எல்கடுவைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்துக் கோட்டர்ஸில் வசிக்கிறேன். அங்கே பதினோரு வருடமாக மருத்துவிச்சி. கணவர் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள்.

கடந்த திங்கட்கிழமை காலை ஏழு மணியளவில் தொழிலாளர் குடியிருக்கும் நாலாம் லயத்து செல்லச்சாமியின் மனைவி சுந்தரம்மாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு பெண் குழந்தை பிறந்தது. முதலில் அழவில்லை. வாயைத் துடைத்து முதுகைத் தேய்த்த பிறகு பூனைக்குட்டி போல் கத்தியது. அதன் பின்பு தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் எடை நிறுத்தேன். மூன்று றாத்தல் ஒரு அவுன்ஸ். பதிவேட்டில் உயிருடன் பிறந்ததற்கு 1, செத்துப் பிறந்ததற்கு 2 என்று குறிக்க வேண்டும். நான் 1 என்று குறித்துவிட்டுக் குழந்தையைத் தாயிடம் சேர்ப்பித்தேன்.

நான் திரும்பி வந்ததும், அங்கே பொறுப்பாக இருக்கும் டிஸ்பென்சர் அருள்மணி பதிவேட்டைப் பார்த்தார். "மூணு றாத்தல் எங்க தங்கப் போவுது? இந்த வருஷம் ஏற்கனவே நாலு செத்துருச்சி. நாளன்னைக்கி பெரிய டாக்டர் புஸ்தகம் பார்க்க வாறாரு. செத்துப் பொறந்தது சாவுக் கணக்குல வராது. ரெண்டுன்னு போடு" என்றார். "உசிரு இருக்குங்களே ஐயா" என்றேன். அதற்கு அவர், "அப்ப கோட்டர்ஸ் சாவிய வச்சிட்டுப் போ" என்றார். நான் பிள்ளைகளை நினைத்து 1-ஐ 2 ஆகத் திருத்தினேன். அந்த இடத்தில் மை பரவியது. அதன் பின்பு அவர் புதைப்பதற்கான துண்டுச் சீட்டு எழுதிக் கங்காணிக்கு அனுப்பினார்.

எனக்கு இருப்புக்கொள்ளாமல் பத்து மணியளவில் லயத்துக்குப் போனேன். மண்வெட்டியோடு இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். குழி வெட்டியாகிவிட்டது என்றார்கள். கங்காணி உள்ளே நின்று, "துண்டுல செத்துருச்சின்னு இருக்கு, கொடு புள்ள" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுந்தரம்மா கொடுக்காமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். குழந்தை குளிர்ந்து அசைவில்லாமல் இருந்தது. நான் நெஞ்சில் காதை வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு துடிப்புக் கேட்டது. அப்போது நான் பயந்தது போல் என் வாழ்நாளில் பயந்ததில்லை.

அதன் பின்பு சுந்தரம்மாவிடம் சொல்லிவிட்டு, குழந்தையைப் பஞ்சில் சுற்றி என் சட்டைக்குள் வைத்து, கீழ் றோட்டுக்கு ஓடி, அவ்வழியே வந்த முத்தலிப் நானாவின் மரக்கறி லொறியில் ஏறி மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நர்ஸ் தோட்டத்துக்கு டெலிபோன் பண்ணினார். அந்தக் குழந்தை செத்துப் பிறந்தது, புதைத்தாகிவிட்டது என்று டிஸ்பென்சர் பதில் சொன்னார். அதனால் நான் யாரோ ஒருவரின் பிள்ளையைத் திருடி வந்ததாகச் சந்தேகப்பட்டுப் பொலிசுக்கு அறிவித்தார்கள்.

நான் திருடவில்லை. பொய்யாக எழுதினேன். நேற்று சுந்தரம்மா காய்ச்சலோடு வந்து குழந்தையைத் தன்னுடையது என்று அடையாளம் காட்டினாள். அவளிடம் எந்தக் காகிதமும் இல்லை. பதிவை நானே தவறாகப் போட்டதாக டிஸ்பென்சர் சொல்வதாக அறிகிறேன். அவர் என்னிடம் பேசியபோது அறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

குழந்தை இன்று காலை ஆறு மணிக்குச் சொட்டுச் சொட்டாகப் பால் குடித்தது. அதற்குப் பிறகு என்னை வார்டுக்குள் விடவில்லை. அது இறந்துவிட்டால், டிஸ்பென்சர் சொன்னதே சரியென்று எல்லாரும் விட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறேன்.

மேலே உள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் கண்டதும் செய்ததும் இவைதான். இதில் கூட்டவும் குறைக்கவும் எனக்கு ஒன்றுமில்லை.

(ஒப்பம்) ர. மார்கிரட்