கோடு போட மூன்று புள்ளிகள்

மாதிரி பிடிக்கும் பாட்டிலை எப்படிக் கழுவ வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சோப்பு போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எந்தத் திரவத்தைச் சோதிக்கப் போகிறோமோ அதையே கொஞ்சம் ஊற்றி, குலுக்கி, கொட்டிவிட வேண்டும். இப்படி மூன்று தடவை. நான்காவது தடவை பிடிப்பதுதான் மாதிரி. உங்கள் மேசைமேல் நான் வைத்திருக்கும் பாட்டில் அப்படிப் பிடித்ததுதான் தம்பி. உள்ளே இருப்பது நேற்றுச் சாயங்காலம் எனக்குக் கொடுக்கப்பட்ட காய்கறி சூப். அதைச் சோதிக்கச் சொல்லிப் புகார் கொடுக்கத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். மற்றதையெல்லாம் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. ஏரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர் என்று வரும். பூச்சிமருந்து கலந்திருக்கிறதா, உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம். ஒரு சொட்டை ஊசியால் கருவிக்குள் செலுத்தினால் திரையில் கோடு ஒன்று ஓடும். ஒன்றும் இல்லையென்றால் கோடு படுத்தே கிடக்கும். ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும். மேட்டின் அளவை வைத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிடுவோம்.

எங்கள் அறிக்கையில் 'இல்லை' என்று ஒருநாளும் எழுத மாட்டோம். 'கண்டறியப்படவில்லை' என்றுதான் எழுதுவோம். கருவியின் கண்ணுக்குப் படாத அளவில் இருக்கலாம் அல்லவா? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற பிறவி இல்லை நான். அந்த வேலைக்கு அந்தக் குணம்தான் வேண்டும்.

என் மகனுக்குப் போன வருடம் கல்யாணம் ஆனது. மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வந்த நாளிலிருந்து வாய்க்கு வாய் அத்தை, அத்தை என்பாள். வேலை முடிந்து வந்ததும் எனக்கு மட்டும் தனியாக, உப்பு குறைத்து சூப் வைத்துத் தருவாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்து, உடனே கோப்பையை வாங்கிக் கழுவி வைப்பாள். ஒரு மருமகளுக்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான்காவது மாதம் எனக்குத் தலைசுற்றல் வந்தது. எழுந்து நின்றால் சுவர் நகர்ந்தது. மகனிடம் சொன்னேன்.

"பிரஷர் மாத்திரைய நிறுத்தினா தலை சுத்தாம என்னம்மா செய்யும்? ஒழுங்கா போடு" என்றான்.

மாத்திரையை நிறுத்தியது உண்மைதான். அதை வாங்கி வந்துகொண்டிருந்ததும் மருமகள்தான். தெரிந்தே எப்படி விழுங்குவது?

அதற்காக யார் மேலும் சும்மா பழி போடுகிறவள் இல்லை நான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். சூப்பில் கொஞ்சம் எடுத்துக் கூடத்துக்குக் கொண்டு போனேன். அங்கே கருவி பார்க்கிறவருக்குச் சொட்டு என்று பெயர் வைத்திருந்தோம். ஊசி முனையில் நிற்கிற கடைசிச் சொட்டைத் துடைக்காமல் விடமாட்டார். அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னக்கா, நம்பரே காணோம். எந்த ஏரியா தண்ணி?"

"எங்க வீட்டுத் தண்ணிதான்."

"உங்க வீட்டுத் தண்ணில கேரட் மிதக்குது" என்று சிரித்தவர், நான் சிரிக்காததைப் பார்த்து, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்க்கா. கொஞ்ச நாள் லீவு போடுங்க" என்றார்.

கோடு படுத்தே கிடந்தது. பத்து நாள், பத்து பாட்டில், ஒரு மேடு கூட இல்லை. சூப்பில் எங்கள் கூடத்துப் பூச்சிமருந்தைத் துளி கலந்து பார்த்தேன். மேடு உடனே எழும்பியது. ஆகவே கருவியில் கோளாறு இல்லை. நான் பாட்டிலோடு திரிவதைப் பார்த்து அவள் சுதாரித்திருக்கலாம். அப்படியானால் சூப்பைப் பார்த்துப் பயனில்லை, உள்ளே போனது என்னவென்று என் சிறுநீரைத்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தபோதும் கண்டறியப்படவில்லை என்றே வந்தது.

இங்கேதான் சிக்கல். சூப்பில் மருந்தைக் கலந்து சரிபார்ப்பது சுலபம். ஆனால் ஓர் உடம்புக்குள் போன மருந்து எவ்வளவு கரைந்து, எவ்வளவு வெளியே வரும் என்பதை, உடம்பு வழியாக அனுப்பிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அது தெரியாமல் என் பாட்டிலில் ஒன்றும் இல்லை என்று சொல்வது மோசடி. அந்த மாதிரி அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை.

வேறு உடம்புக்கு எங்கே போவது? வீட்டில் இருந்தது இரண்டு பேர். ஒருவன் என் மகன்.

அவளிடம் பாட்டிலைக் கொடுத்தபோது, "இது எதுக்கு அத்தை?" என்று கேட்டாள்.

"சுகர் பாக்கத்தான்மா. எங்க ஆபீஸ்ல சும்மாவே பாத்துத் தருவாங்க."

"எனக்காக நீங்க அலையணுமா?" என்றாள். ஆனால் மறுநாள் காலையில் மூடியை இறுக்கி, வெளியே துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அந்தச் சுத்தம் எனக்குப் பிடித்தது. அந்த முதல் பாட்டிலில் ஒன்றும் இல்லை. இருக்கக் கூடாது, நான் இன்னும் எதுவும் கொடுக்கவில்லையே. அதை நாங்கள் பிளாங்க் என்போம். எந்தச் சோதனையும் அதிலிருந்துதான் தொடங்கும்.

கூடத்துப் பூச்சிமருந்து அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது. அடுத்த வாரம் அவளுடைய தேநீரில் கொஞ்சம் கலந்தேன். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள், அவ்வளவுதான். பாட்டிலில் சின்ன மேடு வந்தது. பத்து நாள் கழித்து அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மேடு பெரிதாக வந்தது. நான்தான் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டேன், வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி, எங்கள் வேலைக்குச் செல்லாது. கொடுத்த அளவையும் எழும்பிய மேட்டையும் தாளில் குறித்தால் ஒரு புள்ளி கிடைக்கும். இரண்டு புள்ளி இருந்தால் எந்தக் கழுதையும் நேர்கோடு போட்டுவிடும், அதற்கு அர்த்தம் இல்லை. மூன்றாவது புள்ளியும் அதே கோட்டில் வந்து உட்கார்ந்தால்தான் கோட்டை நம்பலாம். அதுவும் முதல் இரண்டிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும்.

மூன்றாவதைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏதோ கிருமி என்றார் டாக்டர். அங்கேயே நான் மாதிரி பிடித்துக்கொண்டேன். பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவள் கண்ணைத் திறந்து, "நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க அத்தை. நின்னா தலை சுத்தும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் போய்விட்டாள். இருபத்தாறு வயது.

புள்ளி கோட்டின் மேலேயே வந்தது. அந்தக் கோட்டை வைத்து என்னுடைய பழைய பாட்டில்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். ஒன்றிலும் எதுவும் இல்லை. அதாவது அவள் எனக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன், தங்கமான பெண், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. மற்றவர்கள் அதை வாய்ப்பேச்சாகச் சொன்னார்கள். ஆதாரத்தோடு சொன்னது நான் ஒருத்திதான். அவள் மேல் இருந்த பழியைத் துடைத்தது நான், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் தலைசுற்றல் நிற்கவில்லை. போன வாரம் குளியலறையில் விழப் பார்த்தேன். அவள் இல்லை, அவள் செய்யவும் இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது யார்? இப்போது சூப் வைப்பது என் மகன். அவள் வைத்த மாதிரியே உப்பு குறைத்து வைக்கிறான். அதிகம் பேசுவதில்லை. நான் குடிக்கும்போது எதிரில் உட்கார்ந்து கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பெற்ற பிள்ளை மேல் சந்தேகப்படுவது எவ்வளவு வேதனை என்று உங்களுக்குப் புரியாது தம்பி. இரண்டு மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஓய்வு பெற்றதால் கூடத்துக்குள் போக முடியவில்லை. உங்கள் துறைக்குத் தனிப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது என்று தெரியும், அதனால்தான் இங்கே வந்தேன். பாட்டிலை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் அங்கே இருக்கிறவர்களிடம் சொல்லுங்கள். என்னுடைய பழைய கோடு அவர்களுக்கு உதவாது. கருவி மாறினால் கோட்டையும் புதிதாகப் போட வேண்டும், அது விதி. அவர்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நானே தொடங்கிவிட்டேன். என் மகனுடைய பிளாங்க் என் பையில் இருக்கிறது. சுகர் பார்க்க என்றுதான் கேட்டேன், மறுபேச்சு இல்லாமல் கொடுத்தான். அப்போது எடுத்து வந்த மருந்தில் மிச்சம் இருந்தது, முதல் அளவை இன்று காலை அவன் தேநீரில் கலந்துவிட்டுத்தான் கிளம்பினேன். இன்னும் இரண்டு புள்ளிகள்தான் பாக்கி.