நாடகக்காரம்மாவிடம் கேட்ட டோக்கன்

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ். முன் சீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டு நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"நல்லா நடிச்சேன்னு எல்லாரும் கை தட்டுறாங்க்கா. நான் நடிக்கவே இல்லீங்க."

"எங்க கண்ணு?"

"நேத்து எங்க லைன் ஊட்டு முன்னாடி நாடகம் போட்டாங்க. கம்பெனில நமக்கு நடக்கறதைத்தான் கதையாக் காட்டுனாங்க. நாடகக்காரம்மா சூப்பர்வைசரா வந்து, பாத்ரூம் போக டோக்கன் தரமாட்டேன்னு ஒரு புள்ளையைத் திட்டறாங்க. அப்பப் பாத்து எனக்கு அவசரமுங்க."

"அதுக்கு?"

"எந்திரிச்சுப் போயி அவங்ககிட்டயே டோக்கன் கேட்டுட்டேன்."

மூத்தவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். "குடுத்தாங்களா?"

"முழிச்சாங்க. அப்புறம் அட்டையில வெட்டி வெச்சிருந்த டோக்கனைக் குடுத்தாங்க. உடனே சனம் கை தட்டுது. அப்ப நான் நடிச்சனுங்களா, இல்லீங்களா? ஒண்ணுமே புரியலீங்க்கா."

"அது கெடக்குது. போனியா?"

"போனனுங்க. டோக்கனைக் கையில கெட்டியாப் புடிச்சுட்டுத்தான் போனேன்."

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"எங்க ஊட்டு பாத்ரூமுக்குங்க்கா."