ஒன்பது வருடத்தில் ஒரு திருத்தம்

கிட்டே வந்து உட்கார், ஜெஸ்மி மக்களே. அந்த மின்விசிறி போடும் கூச்சலில் என் குரல் உனக்கு எட்டாது. இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியில் இருந்தே கேட்கலாம்தான். ஆனால் கேட்கிறவர்கள் முழங்கால் முட்டும் தூரத்தில் இருந்தால்தான் எனக்குக் கதை வாயில் வரும். நல்ல கதையாகவே சொல்கிறேன். பேய் உண்டு, விண்கலம் உண்டு, நீ எழுதிக்கொள்ள வேண்டியதும் உண்டு. உன் சாயா ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

சத்தியபாய் ஆகிய நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று எழுதிக்கொள். மீதிப் படிப்பு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தும், சபைப் பெண்கள் கூட்டத்தில் கதை சொல்லியும் நானாகத் தேடியது. ஒன்பது வருடத்துக்கு முன் 'விண்பேய்' என்று ஓர் இணைய இதழ் தொடங்கினேன். அறிவியல் கதைகளையும் பேய்க்கதைகளையும் பற்றிய விமர்சனம் மட்டும்தான் அதில் வரும். கதை எழுத ஊர் நிறைய ஆள் உண்டு. அது எங்கே சறுக்கி விழுகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. இதழின் முகப்பில் பெயருக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தேன்: 'இதுவரை ஒரு திருத்தமும் வெளியிட நேராத இதழ்.' அந்த வரி என் பெருமை. அதை மறந்துவிடாதே.

எங்களுடைய பெரிய விமர்சகன் சுந்தரதாஸ். என்னைவிட நாலு வயது இளையவன், அக்கா என்பான். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்று, ஆரியங்கோட்டில் ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக இருந்தான். 'விண்கலக் கதைகளில் கழிப்பறை எங்கே?' என்று முப்பது பக்கக் கட்டுரை எழுதினான். மனித குலம் அவனுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. வாசித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர், செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தார்.

அவன் ரொம்பவும் உடைந்துபோனான். "அக்கா, நான் செத்தாத்தான் இவனுவ வாசிப்பானுவ" என்றான்.

நான் சும்மா தலையாட்டுகிறவள் இல்லை. கட்டுரையாளர் சொல்வதை யோசித்துப் பார்ப்பேன். பிரபலப்படுத்த எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அறுவடைப் பண்டிகை ஏலத்தில் துண்டுச்சீட்டு கொடுத்தேன். அதில் பலாச்சுளை பொதிந்துகொண்டு போனார்கள். ஜீப்பில் மைக் கட்டி விளம்பரம் சொன்னேன். நாய் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று கதவைச் சாத்தினார்கள். ஆனால் பனச்சமூடு சந்திப்பில் ஓர் இரங்கல் பலகை வைத்துப் பார். பஸ்ஸே வேகம் குறையும். யார், எந்த வீடு, அடக்கம் எத்தனை மணிக்கு என்று கடைசி எழுத்துவரை வாசிப்பார்கள். நம் பக்கத்தில் முழுசாக வாசிக்கப்படும் இலக்கியம் அது ஒன்றுதான்.

சுந்தரதாஸ் கொல்லத்தில் தங்கச்சி மகள் வீட்டுக்குப் போனான். சனிக்கிழமைதான் திரும்புவேன் என்றான். போனை என் வீட்டில் மறந்து வைத்துவிட்டான். அதை அணைத்து அலமாரியில் வைத்தேன். திங்கட்கிழமை காலையில் பலகை ஏறியது. எல்லை ஊர் அல்லவா, தமிழிலும் மலையாளத்திலும் போட்டேன். இன்று அதிகாலை கொல்லத்தில் காலமானார்; அடக்கம் வியாழன் மாலை நான்கு மணி, சபைக் கல்லறைத் தோட்டம். அதன் கீழே, செல்போன் வைத்துப் படம்பிடிக்கும் அந்தக் கட்டம்போட்ட குறி: 'அன்னாரின் கட்டுரைகளை வாசிக்க.' இதழிலும் இரங்கல் குறிப்பு போட்டேன். சனிக்கிழமை அவன் வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறாயா? அதற்குள் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். இதழ் நடத்துகிற எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறோம்.

அவன் செவ்வாய் மதியமே வந்துவிட்டான். தங்கச்சி மகள் சமையலில் உப்பு இல்லையாம். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே பலகையில் அவன் முகம். சாயாக்கடை எபின் இவனைப் பார்த்து கிளாஸைக் கீழே போட்டான். சுந்தரதாஸ் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"எக்கா, அது எனக்க ஐடி கார்டு படமாக்கும். வேற நல்ல படம் ஒண்ணும் கிட்டல்லியா?"

"நீ சிரிச்ச படம் ஒண்ணு உண்டாலே தாசே?"

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். வாசகர் எண்ணிக்கையைக் காட்டினேன். ஆறாயிரத்துச் சொச்சம். அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்னூட்டம் ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசித்தான். "கழிப்பறைக் கட்டுரைய ஒரு டாக்டர் வாசிச்சிருக்காருக்கா" என்று கண்ணைத் துடைத்தான். அவன் ஆவியைப் பார்த்ததாக எபின் போட்ட பின்னூட்டத்துக்கு மட்டும் எரிச்சல் வந்தது. "ஆவி துண்டு கெட்டுமாலே? மடையன்."

அதோடு விட்டிருக்கலாம். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு சொன்னான்: "சரிக்கா. நான் போதகருட்ட போய்ச் சொல்லிட்டு வாறேன். குழி வெட்ட ஆள் சொல்லியிருப்பாரு. நீங்க இதழில ஒரு திருத்தம் போட்டுருங்க. ஒரு வரி போதும்."

ஒரு வரி. அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான், மக்களே. ஒன்பது வருட உழைப்பு.

"போடலாம் தாசே. உயிரோட இருக்குததுக்கு ஒரு நல்ல படம் வேண்டாமா? முதல்ல அத எடுப்போம்" என்றேன். என் வீட்டில் விட்டுப்போயிருந்த அவன் ஸ்கூட்டரில் கள்ளிக்காட்டுக்குப் போனோம். அணைத் தண்ணீர் ஓரமாக ஒரு பாறை உண்டு. சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் நான் துணி அலசிய இடம். ஐந்தரை மணி வெயில். முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

"கொஞ்சம் பின்ன போ, தண்ணி முழுசா தெரியணும்" என்றேன். போனான். இன்னும் கொஞ்சம் என்றேன். போனான். நான் வெட்டச் சொன்ன பத்தியை அவன் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. மூன்றாம் அடியில் பாசி உண்டு என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு நீச்சல் வராது என்பதும் தெரியும். கடல் பேய்க்கதைகளைப் பற்றிய கட்டுரையில், பதினேழாம் இதழில், அவனே எழுதியிருக்கிறான். தகவல் சரிபார்க்காமல் நான் எதையும் செய்வதில்லை.

"அம்மச்சி, தள்ளினீங்களா?" என்று நீ கேட்டாய். இல்லை மக்களே. கை வைக்கவே இல்லை. படம்தான் எடுத்தேன். சிரிக்கிறான் பார், எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.

புதன் காலையில் வலைக்காரர்கள் கண்டெடுத்தார்கள். கொல்லத்திலிருந்து வர வேண்டிய உடல் அணைக்குள் எப்படி வந்தது என்று சபையில் கேட்டார்கள். ஆவி இறங்கிப்போய் உடம்பைக் கூட்டிக்கொண்டு வந்தது என்றான் எபின். பாதிப் பேர் நம்பினார்கள். விமர்சனம் வளராத ஊர். வியாழன் நான்கு மணிக்கு, பலகையில் போட்டபடியே அடக்கம். எங்கள் சபையில் ஒரு கல்யாணம்கூட இவ்வளவு சரியான நேரத்தில் நடந்ததில்லை. பெயர் சரி, இடம் சரி, நேரம் சரி.

பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டாக்டர்தான் ஒரு பிழை கண்டுபிடித்தார். அவன் உயிர் போனது செவ்வாய் மாலை, பலகை ஏறியது திங்கள் காலை. நியாயமான விமர்சனம். ஏற்றுக்கொள்கிறேன். எழுதிக்கொள், நான் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்தும் விடாமல்: 'திருத்தம். எமது கட்டுரையாளர் சுந்தரதாஸ் திங்களன்று காலமானார் என்று தவறாக வெளியிட்டுவிட்டோம். செவ்வாய் மாலை ஐந்தரை மணிக்கு, ஆசிரியர் முன்னிலையில் என்று திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்.' எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

நீ நன்றாகக் கேட்டாய், மக்களே. இடையில் ஒருமுறைகூட கொட்டாவி விடவில்லை. உன் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உன் அம்மைக்கு முட்டுவலி தணியட்டும். உன் பிள்ளைகள் வாசித்து வளரட்டும். கர்த்தர் கிருபையால், உன் வீட்டார் ஒருவர் பெயரும் பனச்சமூடு சந்திப்பில் தேதி தவறி ஏறாதிருக்கட்டும்.