கருவாயனை மலை இறக்கியவர்கள்

டம்.

மறுபடி டம். டம். மாசி மாதச் சனிக்கிழமை. பகல் பதினொரு மணி. ஆடுகள் சிதறுகின்றன. நான் ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் புகை. வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு.

"ஏ செல்வி! பள்ளத்துப் பக்கம் விடாத! மறி, மறி!"

மேட்டிலிருந்து கத்துகிறவர் என் வீட்டுக்காரர். மறிக்க முடியவில்லை. இரண்டு குட்டிகள் பள்ளத்தில் விழுந்தன. வெடிச் சத்தத்தை விட அந்தச் சத்தம் சின்னது. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

ஓடாதவன் ஒருவன்தான். கருவாயன். எங்கள் ஆட்டுக் காவல் நாய். கோம்பை இனம். உடம்பு செவலை, வாய் மட்டும் கரி. வேலிக்கும் ஆட்டுக்கும் நடுவில் நின்று குரைத்தான். காலடியில் ஒன்று வெடித்தது. அப்போதும் நகரவில்லை.

கொடைக்கானல் மலையில் கூக்கால் கிராமத்துக்கு மேலே எங்கள் ஆட்டுப் பட்டி. அதை ஒட்டிப் புதிதாக ஒரு ரிசார்ட். காட்டுமாட்டை விரட்டத்தான் வெடி போட்டோம் என்றார்கள். அன்று அங்கே காட்டுமாடு இல்லை. பொய். நடந்தது இது. முந்தின வாரம் அங்கே தங்கிய ஓர் ஆள் வேலி தாண்டி வந்தார். போட்டோ எடுக்கக் குட்டியைத் தூக்கினார். குட்டி கத்தியது. கருவாயன் அவரைக் கீழே தள்ளி மேலே நின்றான். கடிக்கவில்லை. ஜாக்கெட் கிழிந்தது. ஆட்டைத் தூக்குகிறவனைத் தள்ளுவதுதான் அவன் வேலை.

வெடி போட்ட அன்று சாயங்காலம் மேனேஜர் வந்தார்.

"அக்கா, கெஸ்ட் கம்ப்ளைண்ட் பண்றாங்க. நாய எங்கயாச்சும் அனுப்பிருங்க. இல்லேன்னா நாங்க பாத்துக்குவோம்."

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. "சரிங்க சார்" என்றேன். எதற்குச் சரி?

எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று திங்கட்கிழமை தெரிந்தது. டீக்கடை நாய் ரிசார்ட் வேலியோரம் செத்துக் கிடந்தது. வாயில் நுரை. பக்கத்தில் தின்று மிச்சமான கறித்துண்டு. அடுத்தது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இடம் தேடினோம்.

நான் சின்னப் பிள்ளையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தவள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடு எரிகிறது. அம்மா என் கையைப் பிடித்து இழுக்கிறாள். பிறகு கப்பல், ரயில், இந்த மலை. "ஒங்களுக்கு ஒரு எடம் பாத்திருக்கோம்" என்றார்கள் அதிகாரிகள். அந்த இடம் வேண்டுமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. இப்போது அதே பேச்சை ஒரு நாய்க்காக நான் வீடு வீடாகப் பேசிக்கொண்டு அலைகிறேன்.

கொடைக்கானலில் ஒரு பங்களா. வீட்டம்மா கேட்டார்: "ஷேக் ஹேண்ட் குடுக்குமா? பாப்பாவோட வெளையாடுமா?" திரும்பி வந்துவிட்டேன்.

வில்பட்டியில் ஒரு கேரட் தோட்டக்காரர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காவலுக்கு வளர்க்கும் நாய்க்குட்டியைக் கண் திறந்த கையோடு பட்டிக்குள் விடுவோம். பால் உள்ள ஆட்டின் மடியில் குடிக்க வைப்போம். கருவாயன் குடித்தது வெள்ளச்சியிடம். அப்படி வளர்ந்தவன் வீட்டு நாய் ஆக மாட்டான். அவன் ஆட்டு நாய். அதனால் வெள்ளச்சியையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொன்னேன்.

தோட்டக்காரர் சிரித்தார். "மாப்பிள்ளை கேட்டா மாமியாரையும் சேத்துல்ல தள்ளி விடுறீக! நாய் மட்டும் போதும்மா."

மோட்டார் ரூமில் சங்கிலி போட்டுக் கட்டினார். கருவாயன் தின்னவில்லை. ஒரு நாள் விடியுமுன் வெள்ளனே பட்டிக்குள் கிடந்தான். அறுந்த சங்கிலி கழுத்தில். கழுத்து முழுக்கப் புண். காடு தாண்டி வந்திருக்கிறான். அன்றைக்கே எங்கள் பட்டி வாசலில் கறி கிடந்தது. என் வீட்டுக்காரர் குழி தோண்டிப் புதைத்தார்.

அவர் வத்தலக்குண்டுக்குப் போனார். கீழே உரத்துக்காக வயல் வயலாக ராத்திரி ஆட்டு மந்தையை நிறுத்திக் கிடை போடுகிற சின்னக்காளை அண்ணனை லோடு வண்டியோடு கூட்டி வந்தார். அண்ணன் நாயைத் தொடவில்லை. பல்லைப் பார்க்கவில்லை. ஆடுகளைப் பார்த்தார்.

"எவ மடியில குடிச்சான்?"

வெள்ளச்சியைக் காட்டினேன்.

"அப்ப அவளையும் ஏத்துங்க தாயி. வெரசா. வெயிலுக்கு முன்ன எறங்கணும்."

வெள்ளச்சி ஏறினாள். கருவாயன் தானாக ஏறினான். கயிறு வேண்டியிருக்கவில்லை. கீழே நின்ற மற்ற ஆடுகளைப் பார்த்துக் குரைத்தான். வெள்ளச்சியைப் பார்த்தான். மறுபடி குரைத்தான். அவனால் இரண்டாக முடியவில்லை. வண்டி நகர்ந்தது.

பங்குனி. நண்பகல். சத்தமே இல்லை. அதைத்தான் எழுத வேண்டும். செந்நாய்க் கூட்டம் வந்தால் கருவாயன் குரைப்பான். நாங்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவோம். அதுதான் எங்கள் காவல். அன்று குரைக்க ஆள் இல்லை. காக்கைகள் இறங்குவதைப் பார்த்த பிறகே ஓடினோம். ஐந்து ஆடுகள் கிழிபட்டுக் கிடந்தன.

அடுத்த வாரம் செந்நாய்கள் ரிசார்ட் புல்தரையில் ஒரு கடமானை அடித்தன. காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். மேனேஜர் மறுபடி வந்தார்.

"அக்கா, அந்த நாய் இருந்தவரைக்கும் இதுக கேட் பக்கம் வரலல்ல? திருப்பிக் கொண்டாந்துருவமா? சாப்பாடு நம்ம கிச்சன்லருந்தே குடுத்துரலாம்."

"ஏற்கெனவே குடுத்தீங்களே சார், பட்டி வாசல்ல! போங்க! வேலிக்கு அங்குட்டுப் போங்க!"

என் குரல் எனக்கே புதிது. மேட்டில் நின்ற என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் போய்விட்டார். வெடி இன்னும் போடுகிறார்கள்.

இழந்த கணக்கு இது. பள்ளத்தில் குட்டி இரண்டு. செந்நாய்க்கு ஆடு ஐந்து, அதில் மூன்று சினை. டீக்கடை நாய் ஒன்று. மலை இறங்கிய தாய் ஆடு ஒன்று. மிச்ச ஆடுகளைச் சந்தையில் விற்றோம். பட்டி ஒன்று, காலி.

கருவாயன் உயிரோடு இருக்கிறான். கிடையில் நிற்கிறான், தின்கிறான் என்று சின்னக்காளை அண்ணன் போனில் சொன்னார். உயிரோடு இருப்பவனைக் கணக்கில் சேர்க்காதே என்கிறார் என் வீட்டுக்காரர்.

சேர்க்கிறேன். காவல் நாய் ஒன்று.