சுமத்ராவுக்கு அந்தப் பக்கம் நின்ற செம்பனை

கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக் வழியாகப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் லேப்டாப் வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“செத்தேன்டி. ஈஜோக் மாமா தோட்டத்து செம்பனை எல்லாம் நடுக்கடல்ல நிக்குது.”

எண்ணெய்ப்பனைத் தோட்டம் வெள்ளத்தில் போய்விட்டதோ என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எந்தக் கடல்ல?” என்றாள் தோழி.

“சுமத்ராவுக்கு அந்தப் பக்கம். டிரோன் படத்தை மேப் வரையிற புரோகிராம்ல போட்டா தலைகீழா வந்துச்சு. நிமிர்த்தலாம்னு அட்சரேகைக்கு முன்னால மைனஸ் போட்டேன். மேப்ல ஏத்துறப்போ எடுக்க மறந்துட்டேன்.”

“ஒரு மைனஸுக்கு தோட்டமே பூமத்திய ரேகைய தாண்டிடுச்சா? மாமா பாஸ்போர்ட் எடுத்தாரா?”

“சிரிக்காதடி. புராஜெக்ட்ட நேத்தே லெக்சரருக்கு அனுப்பிட்டேன். ஃபெயிலானா இன்னொரு செமஸ்டர் படிக்கணும் லா. அப்பா கொன்னுடுவாரு.”

“தலைப்ப மீன் வளர்ப்புன்னு மாத்திடு.”

அப்போது அவள் போனில் செய்தி வந்தது. “லெக்சரர்டி,” என்றாள். நானும் முன்னால் சாய்ந்தேன். அவள் மெல்லப் படித்தாள்.

“மேப் ரொம்ப நல்லா இருக்காம். பின்னால இருக்கிற நீலம் மட்டும் கண்ண குத்துதாம். பச்சையாக்கி அனுப்பச் சொல்றாரு.”

தோழி முன்கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். லேப்டாப்காரி சிரிக்கவில்லை. மைனஸை அழித்து, புரோகிராமை மறுபடி ஓட விட்டாள். மரங்கள் ஈஜோக்கில் வந்து இறங்கின. பின்னணி தானாகவே பச்சையானது.

“ஆக்கிட்டேன் சார்,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டி அனுப்பினாள்.