கருத்தில் கொள்ளப்பட்டது

கால அட்டவணை போடுவது எனக்குப் பிடிக்கும். பென்சில், ஸ்கேல், கட்டம் போட்ட பெரிய தாள். மற்றவர்கள் இதைத் தலைவலி என்பார்கள். துறைத்தலைவரான பிறகு இந்த வேலையை மட்டும் நான் யார் தலையிலும் கட்டியதில்லை.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள், கல்லூரி நிர்வாகமும் ஆசிரியர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தைப் படித்திருப்பீர்கள். பதினான்காம் பிரிவு. ஆசிரியர்களுக்குப் பணிச்சுமை ஒதுக்க ஐந்து அளவுகோல்கள்: மாணவர் எண்ணிக்கை, வகுப்பு நேரம், புதிய பாடங்கள், அறைகளுக்கு இடையே உள்ள தூரம், ஆசிரியரின் உடல்நிலை. சங்கத்தின் சார்பில் அதை எழுதியவர் எங்கள் துறைக்காரர்தான். காற்புள்ளி என்று கூப்பிடுவோம். எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒரு காற்புள்ளியாவது சேர்த்துத்தான் திருப்பித் தருவார்.

ஐந்தாவதை அவர் தனக்காகவும் கேட்டார். இதயக் கோளாறு. படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்துக்கும் சம்மதித்தேன். ஒரே ஒரு இடத்தைத்தான் மாற்றச் சொன்னேன். 'இவற்றின்படி ஒதுக்க வேண்டும்' என்று இருந்தது. 'இவற்றைக் கருத்தில் கொண்டு ஒதுக்க வேண்டும்' என்றால் காதுக்கு நன்றாக இருக்கும் என்றேன். அவர் வாய்விட்டு வாசித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தலைவரே. காற்புள்ளிக்குக்கூட வேலை இல்ல."

கையெழுத்துப் போட்டோம்.

அதற்கு முந்தைய வாரம் ஆசிரியர் ஓய்வறையில் அவர் சொன்னது இது: "தலைவருக்கு வாரத்துக்கு நாலே மணி நேரம்தான் வகுப்பு. அதுல ரெண்டு மணி நேரம் பேர் கூப்பிடறதுலயே போயிடும்." பதினோரு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. வரிசை தவறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த பருவத்துக்கு அட்டவணை போட்டேன். ஒரு வகுப்பில் அறுபது பேரைத் தாண்டினால் அதை இரண்டாகக் கணக்கிட வேண்டும். அவருக்கு ஐம்பத்தொன்பது பேர். தொடர்ந்து மூன்று மணி நேரம் கூடாது. அவருக்கு இரண்டு மணி நேரம், பத்து நிமிட இடைவேளை, மறுபடி இரண்டு மணி நேரம். அறைகளுக்கு இடையே நானூறு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நானே டேப் பிடித்து அளந்தேன். முந்நூற்றுத் தொண்ணூறு. பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து புதிய கட்டடத்தின் நான்காம் மாடிக்கு. ஒப்பந்தத்தில் தூரம் என்றால் தரையில் அளப்பது. படிகள் சேராது. புதிய கட்டடத்தில் லிஃப்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். லிஃப்ட் இன்னும் வரவில்லை.

மருத்துவரின் கடிதத்தை இணைத்து அவர் விண்ணப்பம் கொடுத்தார். அதன் மேல் 'கருத்தில் கொள்ளப்பட்டது' என்று முத்திரை குத்தினேன். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே செய்யக் கொடுத்த முத்திரை அது.

அட்டவணையைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன தலைவரே, என் லெட்டரைப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன் சார். முத்திரை போட்டிருக்கேனே."

"கருத்தில் கொள்ளணும்னுல்ல இருக்கு?"

"கொண்டேன்."

கையிலிருந்த அட்டவணையை மறுபடி பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் எழுதின பிரிவை வெச்சே எனக்கே ஆப்பு வெச்சுட்டீங்க." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். சங்கத்தில் முறையிட்டார். அவர்கள் அளவுகோல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். எதுவும் மீறப்படவில்லை.

ஒரு நாள் அவர் மனைவி தொலைபேசியில் பேசினார். "அண்ணே, வீட்டுக்கு வந்தா பேசக்கூட முடியலண்ணே அவரால. கீழ ஒரு வகுப்பாவது போட்டுக் குடுங்கண்ணே."

"கருத்துல வெச்சுக்கறேம்மா," என்றேன்.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்துக்கு, புதிய கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் உட்கார்ந்தார். மாணவர்கள் களைப்பு என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். பிறகு அவர் எழுந்திருக்கவில்லை.

வேறு துறைக்கு மாற்றம் கேட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன் என உங்களிடம் சொல்லலாம். அது பொய்யாகிவிடும். உடல்நிலையைக் கவனிக்காமல் விட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குற்றச்சாட்டை மட்டும் ஏற்க மாட்டேன். ஒருவருடைய உடல்நிலையைக் கருத்தில் கொள்ளாமல் அப்படி ஓர் அட்டவணையைப் போடவே முடியாது. அவர் கொடுத்த கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போட்டேன்.

மாணவர்களின் படிப்பு கெடக் கூடாது என்று அவருடைய வகுப்புகளை இப்போது நானே எடுக்கிறேன். கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டிய அறையில். பருவம் தொடங்கியதிலிருந்து அது காலியாகத்தான் கிடந்தது. எனக்கு முழங்கால் வலி. மருத்துவரின் கடிதத்தை இணைத்திருக்கிறேன். அதன் மேலும் அதே முத்திரையைத்தான் குத்தியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். நான் பாரபட்சம் காட்டுகிறவன் இல்லை.