வான் டைக்கனின் கயிறு

சிரிச்சுக்க டீச்சரம்மா, பரவாயில்ல. பேரைக் கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்தியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. வான் டைக்கன்னு பேரை வெச்சுக்கிட்டு இந்த வயசுல, பொடிசுங்க நீச்சல் படிக்கிற குளத்தோரம் உக்காந்திருக்கான் பாரு மனுசன்! நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். சொந்தமில்ல. அமெரிக்காவுல இதே பேர்ல ஒலிம்பிக் தங்கமா வாங்கிக் குவிச்சாங்களே ஒரு நீச்சல்காரம்மா, அவங்களுக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

அலுத்துப்போச்சும்மா. கோடை வந்தா போதும், வாடகைப் படகுல இங்கிலீஷ்காரங்க நம்ம கால்வாய்க்கு வந்துடுவாங்க. மதகு தொறந்து படகை விடற வரைக்கும் பொழுது போகணும்ல? என் படகுல பேரைப் படிச்சுட்டு, நீங்க அவங்களுக்குச் சொந்தமான்னு ஆரம்பிச்சுடுவாங்க. ஒருத்தன் என்னைப் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோவே எடுத்துக்கிட்டான். என் சம்சாரம் ஹில்கே பின்னாடி நின்னுக்கிட்டு, ஆமாமா, இவர் அவங்களுக்குச் சித்தப்பான்னு எடுத்து விட்டா. அவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி.

இல்லம்மா, சட்டையைக் கழட்டல. ஷூவும் அப்படியே இருக்கட்டும்.

தெரியும், தெரியும், ஜட்டியோட இடுப்பளவு தண்ணியிலதான் ஆரம்பிக்கணும். ஆனா பிள்ளைங்களுக்குக் கடைசியில சட்டை, ஷூவெல்லாம் போட்டு நீந்தச் சொல்லித்தானே சர்டிபிகேட் குடுக்கறீங்க? கால்வாய்ல விழறவன் ஜட்டியோடவா விழுவான்? எனக்கு அந்தக் கடைசிப் பாடத்துலேர்ந்தே ஆரம்பி. மத்ததெல்லாம் படிக்க நேரமில்ல.

அட, படகுலயே பொறந்து வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாதான்னுதானே பாக்கற? எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாதும்மா. இன்னிக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு, மணல் ஏத்தி இறக்கற பொழப்பு. எந்தக் குளத்துல போய்ப் படிக்கறது? அதுக்குத்தான் கயிறு. நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும் எங்கம்மா என் இடுப்புல வாரைக் கட்டி, கயித்தைப் படகுல மாட்டி வெச்சுட்டாங்க. விளிம்புக்கு ஒரு சாண் முன்னாடி இழுத்துப் புடிச்சுக்கும். நானெல்லாம் கடவுளைவிடக் கயித்தை நம்பினவன்.

ஹில்கே கரைக்காரி. பேக்கரிக்காரர் பொண்ணு. எல்லா நீச்சல் சர்டிபிகேட்டும் வாங்கினவ. கல்யாணமான மறுநாள் காலைல பார்த்தா, படுக்கையில ஆளைக் காணோம். படகுக்கு வெளிய தண்ணியில மிதந்துக்கிட்டுக் கையாட்டுறா! எனக்கு உசுரே போச்சு. இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டாத்தான் இறங்கலாம்னு ஒத்தக் கால்ல நின்னேன். நான் என்ன நாய்க்குட்டியான்னு திட்டினா. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துட்டுக் கட்டிக்கிட்டா. அன்னிலேர்ந்து தினமும் அப்படித்தான். ஒரு கையில காபி, ஒரு கையில கயிறு. அவ போகப் போக விடுவேன், திரும்பினா சுருட்டுவேன். கால்வாய் பனிக்கட்டியா உறைஞ்ச நாள் தவிர ஒரு நாள் விட்டதில்ல.

அவ சொல்லிக்குடுக்கலயான்னா கேக்கற? கூப்பிட்டாளே! வா டோவே, ஒரே ஒரு தடவை வா, தண்ணி நல்லாருக்குன்னு எத்தனையோ வருசம் கெஞ்சினா. நான்தான் போகல. கயித்தை யாரு புடிக்கறதுன்னு கேப்பேன்.

இல்லம்மா, அவளை ஏன் இங்க கூட்டிட்டு வரணும்? மக வந்து படகுல அவ பக்கத்துல உக்காந்திருக்கா. மக வேற, அம்மாவை முதியோர் ஹோம்ல விட்டுடுங்கப்பான்னு தினமும் அரிச்சு எடுக்கறா. போய்ப் பார்த்தேன். நல்ல இடம்தான். தோட்டம் இருக்கு, கதவுக்குப் பூட்டு இருக்கு. தண்ணி இல்ல.

அடுப்பை மறந்துட்டா. மக பேரை மறந்துட்டா. காபிக்கு ஒரு பிஸ்கட்டுங்கறதை மறந்துட்டு டப்பாவையே காலி பண்றா. நீச்சலை மட்டும் மறக்கல பாரு.

நேத்துக் காலைல நைட்டியோட ஏணியில இறங்கிட்டா. நான் ஓடிப் போய்க் கயித்தைக் கட்டப் பார்த்தேன். கையைத் தட்டி விட்டுட்டு, நீங்க யாருங்க என்னைக் கட்டிப் போடறதுக்குன்னா. கோவமால்லாம் இல்ல, மரியாதையாத்தான் கேட்டா. வேற என்னத்தைச் சொல்றது? டோவே வான் டைக்கன்னு சொன்னேன்.

அவ மூஞ்சி அப்படியே மலர்ந்துபோச்சு. வான் டைக்கனா! அந்த நீச்சல்காரிக்குச் சொந்தமா நீங்கன்னு கேட்டா.

ஆமாமா, சித்தப்பான்னு சொன்னேன்.

அப்ப நீங்களும் வாங்களேன், தண்ணி நல்லாருக்குன்னுட்டு, கயிறு இல்லாமலே போயிட்டா. நேத்து திரும்பி வந்துட்டா. நாளைக்கு?

பிள்ளைங்க புடிச்சுக்கறதுக்கு நீட்டுவியே, அந்தக் கம்பு எங்க? நீட்டு இப்படி. இறங்கறேன்.